மூன்றாம் பக்கத்தில் மூடிய கோப்பு

முதல் விண்ணப்பம் இரண்டே வரிப் பதிலோடு திரும்பி வந்தது. சிறார் தொடர்பான ஆவணங்கள் இரகசியமானவை, கோரிக்கை ஏற்கப்படவில்லை. எங்கள் ஊர் கருங்கல்லின் தபால்காரர் பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன பிறகு வாசலில் நின்றே பிரித்துப் படித்தேன். கோபம்தான் வந்தது. கல்லூரியில் சமூகப்பணி பாடம் நடத்துகிறவள் நான். பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வும் செய்துகொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைகளுக்கு நல்லது நடக்கத்தானே கேட்கிறேன், எனக்கே இல்லை என்றால் வேறு யாருக்குக் காட்டுவார்கள் என்று நினைத்தேன்.

நான் கேட்டது என்ன என்று சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயது நிறையாத பிள்ளை ஒரு குற்ற வழக்கில் மாட்டிக்கொண்டால், அதை விசாரிக்க இளைஞர் நீதிக் குழுமம் என்று தனியே ஒன்று உண்டு. ஒரு நடுவரும் இரண்டு சமூகப்பணி உறுப்பினர்களும் அதில் இருப்பார்கள். அவர்கள் முடிவெடுக்கும் முன்பு நன்னடத்தை அலுவலர் ஒருவர் பிள்ளையின் வீட்டுக்குப் போவார். அப்பா அம்மா எப்படி, பள்ளியில் எப்படி, யாரோடு பழக்கம் என்று விசாரித்து ஒரு அறிக்கை எழுதிக் கொடுப்பார். அதற்குச் சமூக விசாரணை அறிக்கை என்று பெயர்.

படிக்கும் காலத்தில் களப்பணிக்காக ஒரு அலுவலரோடு அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறேன். கடற்கரைப் பக்கம், சின்ன ஓட்டு வீடு. அந்த அம்மா அரை நாள் பேசினார். மகன் பிறந்ததிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னார். அலுவலர் திரும்பி வந்து எழுதியது ஒரே வரி: "குடும்பச் சூழல் திருப்திகரமாக இல்லை." அந்த அரை நாள் எங்கே போனது என்ற கேள்வி எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்களா, எழுதுவதைப் பொறுத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் முடிவு மாறுகிறதா என்று பார்க்க விரும்பினேன். ஆய்வுத் தலைப்பு அங்கிருந்து வந்ததுதான்.

இரண்டாவது விண்ணப்பத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். திங்கள்சந்தை வழியாக நாகர்கோவில் பஸ். குழுமத்தின் ஆவண அறைக்குப் பொறுப்பாக ஒரு அக்கா இருந்தார். கோட்டாறுக்காரர். ஓய்வு பெற நாலைந்து வருஷம் இருக்கும். தலையில் போட்ட முக்காடு சரியாமல் பீரோக்களுக்கு நடுவே நடப்பார். என் மனுவை முழுக்கப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒனக்குப் பிள்ளை இருக்கா?"

"ஒரு மக. மூணாங்கிளாஸ் படிக்கா."

"நாளைக்கு அவளுக்க பேரு இந்த பீரோவுல ஒரு ஃபைல்ல இருக்குன்னு வையி. வேற ஒரு டீச்சர் வந்து, ஆராய்ச்சிக்குத் தாங்கன்னு கேட்டா நான் எடுத்துக் குடுக்கட்டுமா?"

நான் மேசைமேல் கிடந்த மனுவைப் பார்த்தேன். அவர் சிரித்தார்.

"பதில் சொல்லாண்டாம். அதையே மனுவுல எழுது. என்ன செஞ்சா நீ ஒன் பிள்ளைக்க ஃபைலக் குடுப்பியோ, அதையெல்லாம் எழுதிக் கொண்டா."

என் ஆய்வு நெறியாளர் சொல்லித்தராததை அந்த அக்கா பத்து நிமிஷத்தில் சொல்லித் தந்தார். வீட்டுக்கு வந்து மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினேன். முடிந்துபோன வழக்குகள் மட்டும். பெயர், ஊர், பள்ளி எல்லாம் மறைத்த நகல்கள் மட்டும். அறையைவிட்டு ஒரு தாளும் வெளியே போகாது. கைப்பேசி உள்ளே வராது. எழுதும் குறிப்புகளை அன்றன்றே குழுமத்தாரிடம் காட்டுவேன். எனக்குத் தெரிந்தவர் யாராவது அகப்பட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திச் சொல்லிவிடுவேன். இந்தக் கடைசி நிபந்தனையை எழுதும்போது இது சும்மா ஒரு அழகுக்கு என்றுதான் நினைத்தேன். பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு, சென்னையில் துறை அலுவலகம், மறுபடி குழுமம் என்று மனு சுற்றி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

கடைசியில் நடுவர் கூப்பிட்டுவிட்டார். என்னைவிட வயதில் சின்னவர், வெளி மாவட்டத்துப் பெண். மனுவைப் புரட்டியபடியே கேட்டார்.

"உங்க ஆய்வால இந்தப் பிள்ளைங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"இந்தப் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது, மேடம். இனிமே வர்ற பிள்ளைங்களுக்கு அறிக்கை கொஞ்சம் நல்லா எழுதப்படலாம்."

"லாம்," என்று அவர் அழுத்திச் சொன்னார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அந்த அறையில் கழித்த நாள்களை இப்போது நினைத்தாலும் நிறைவாக இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள், கல்லூரியில் வகுப்பு இல்லாத நாள்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு நாவல் மரம். உள்ளே ஒரு மேசை, ஒரு மின்விசிறி, பென்சில், நான். அக்கா முந்தின நாளே நகல் எடுத்து, கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் பெயர்களை அடித்து வைத்திருப்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். எழுத்து தெரிந்தால் மறுபடி அடிப்பார். மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவோம். நான் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டுபோகிற அன்று அவர் தன் டப்பாவைத் திறக்கவே மாட்டார்.

அறிக்கைகள் நான் பயந்த மாதிரி இல்லை. ஒற்றை வரிக்காரர்கள் இருந்தார்கள்தான். ஆனால் ஒரு அலுவலர் இருந்தார், அவருடைய கையெழுத்தே எனக்குப் பழகிவிட்டது, வலது பக்கம் சாய்ந்த பெரிய எழுத்து. அவர் வீட்டுக்குள் போனால் அடுப்பில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். பையன் யாரிடம் சிரித்துப் பேசுகிறான் என்று பார்ப்பார். "பிள்ளைக்குக் கணக்கு நன்றாக வருகிறது, ஆனால் அதை யாரும் அவனிடம் சொன்னதில்லை" என்று ஒரு அறிக்கையில் எழுதியிருந்தார். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நாவல் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுதிய அறிக்கைகளைப் படிக்கப்போகிறேன் என்றால் பஸ்ஸிலேயே மனசு குதிக்கும்.

அந்தக் கோப்பும் அவர் எழுதியதுதான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கோப்புக்கு உரியவரை யாரும் அடையாளம் காணக்கூடாது என்பதால் அவருடைய தொழிலையும் ஊரையும் வழக்கையும் மற்ற அடையாளங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். எனக்கு நேர்ந்ததை மட்டும் மாற்றவில்லை.

மலையடிவாரத்து ரப்பர் எஸ்டேட் குடியிருப்பு. அம்மா பால்வெட்டுத் தொழிலாளி. அப்பா வீட்டில் இல்லை. பதினாறு வயதுப் பையன் உரிமம் இல்லாமல் ஒரு சுமை ஆட்டோவை எடுத்து ஓட்டி, சைக்கிளில் வந்த ஒருவர்மேல் மோதிவிட்டான். முதல் இரண்டு பக்கம் இவ்வளவு. மூன்றாம் பக்கத்தின் மேலே அலுவலர் இப்படி எழுதியிருந்தார்: "காது கேளாத தங்கையிடம் தானே உண்டாக்கிய சைகைகளில் பேசுகிறான். இடது தோளை இரண்டு முறை தட்டினால் 'புறப்படலாம்' என்று பொருள்."

அந்த வரியை மறுபடி படித்தேன்.

என் மகள் அன்று காலையும் காலணி மாட்டி முடித்ததும் வாசலில் நின்று இடது தோளை இரண்டு முறை தட்டினாள். பல மாதமாக அப்படித்தான் செய்கிறாள். "என்னட்டி இது?" என்று ஒருநாள் கேட்டதற்கு, "எல்லாரும் ஏறியாச்சுன்னா வேன் மாமா இப்படிக் காட்டுவாரு. போலாம்னு அர்த்தம்" என்றாள். வேன் ஓட்டுகிறவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். எஸ்டேட் பக்கத்திலிருந்து வந்தவர். எங்கள் சர்ச்சில் போன அறுப்பின் பண்டிகைக்குத் தன் தங்கையைக் கூட்டி வந்திருந்தார். அந்தப் பெண்ணுக்குக் காது கேட்காது.

கறுப்பு மை எல்லாப் பெயரையும் மறைத்திருந்தது. அக்கா ஒரு எழுத்தைக்கூட விடவில்லை. ஆனாலும் அந்த ஆள் என் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்தின் மீதி கீழே இருந்தது. மோதியது எப்படி, அடிபட்டவர் என்ன ஆனார், இவன் நின்றானா ஓடினானா, எல்லாம் அதில் இருக்கும். என் பிள்ளையை தினமும் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. ஒரு நிமிஷம் படித்தால் போதும், அறையில் என்னைத் தவிர யாருமில்லை. விரல் தாளின் ஓரத்தில் இருந்தது. யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகவே யோசித்தேன். பிறகு கோப்பை மூடி, அதன்மேல் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனேன்.

எதிரே இருந்த கடையில் பால் விடாத கட்டன் சாயா ஒன்று குடித்துவிட்டு வந்தேன். அக்கா தன் மேசையில் இருந்தார்.

"அக்கா, அந்த ஃபைல எடுத்து வச்சிருங்க. எனக்கு ஆளத் தெரியும்."

"எப்படி? பேரு எங்கயும் விட்டுப்போச்சா?" பதறி எழுந்தார்.

"பேரு இல்ல. வேற ஒண்ண வச்சுத் தெரிஞ்சு போச்சு."

யார் என்று அவர் கேட்கவில்லை. என்ன என்றும் கேட்கவில்லை. உள்ளே போய் அந்த நகலை எடுத்து உறையில் போட்டு ஒட்டினார். "எம்புட்டுப் படிச்ச?" என்று மட்டும் கேட்டார். மூன்றாம் பக்கத்துத் தொடக்கம் வரை என்றேன். அதையே உறையின்மேல் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். "சாரமில்ல மக்கா, சொன்னது நல்லதாச்சு. முகத்தக் கழுவிட்டு வா," என்றார்.

அறையில் நடந்துகொண்டதைப் போல வீட்டில் நடந்துகொள்ளவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலை வேன் வந்து நின்றது. ஓட்டுகிறவர் வழக்கம்போல இறங்கி வந்து கதவைத் திறந்து பிள்ளைகளை ஒவ்வொருவராக ஏற்றினார். நான் அவருடைய கைகளையே பார்த்தேன். சக்கரத்தைப் பார்த்தேன். ரோட்டின் முனையில் அவர் வேகத்தைக் குறைத்தாரா என்று பார்த்தேன். அதற்கு அடுத்த நாள், "இன்னைக்கு அம்மாவே கொண்டு விடுகேன்," என்று மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன். மூன்று நாள் அப்படிச் செய்தேன்.

நாலாவது நாள் காலையில் என் கணவர் கேட்டார். கருங்கலில் மரக்கடை வைத்திருக்கிறார், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"பிள்ளைய ஏன் வேன்ல விடல்ல? அவன் எதும் தப்பாட்டு நடந்தானா?"

"அய்யோ, அப்படி ஒண்ணும் இல்ல."

"பின்ன?"

வாய்வரை வந்தது. பதினோரு வருஷமாக இந்த மனிதரிடம் நான் எதையும் மறைத்ததில்லை. சொன்னால் அவர் யாரிடமும் சொல்லமாட்டார் என்றும் தெரியும். ஆனால் சொல்லிவிட்டால் பிறகு அவரும் ஒவ்வொரு காலையிலும் என்னைப்போல அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"நீங்க இத என்னட்ட கேக்காதீங்க. சொல்ல முடியாது."

அவர் கடைச் சாவியைக் கையில் எடுத்தார். "ஒனக்க ஆராய்ச்சிக் காரியமா?"

நான் மகளின் சாப்பாட்டு டப்பாவை மூடினேன்.

"அப்ப நான் கேக்கல்ல. ஆனா ஒண்ணு, பிள்ளை மூணு நாளா மொகத்தத் தூக்கி வச்சிருக்கா. கூட்டுக்காரியளு எல்லாம் வேன்லயாக்கும்."

அவர் கடைக்குப் போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். இரண்டு வருஷமாக அந்த வேன் ஒருநாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. மழையில் வாய்க்கால் நிரம்பி ஓடிய நாளில் ஒவ்வொரு பிள்ளையையும் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் விட்டவர் அவர். முறையாக உரிமம் எடுத்தவர். பள்ளி நிர்வாகம் விசாரித்துத்தான் வேலைக்கு வைத்திருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த இத்தனையையும் ஒரு கோப்பில் இருந்த இரண்டு பக்கம் தள்ளிவிட்டது. அதுவும் யார்? சிறு வயதில் செய்த தவறு ஒருவனை ஆயுசுக்கும் துரத்தக்கூடாது என்று வகுப்பில் மாணவர்களுக்கு விளக்குகிற நான். சட்டம் ஏன் அந்தப் பீரோவைப் பூட்டச் சொல்கிறது என்று எனக்கு அன்றுதான் உடம்போடு புரிந்தது.

அன்றைக்கே மகளை வேனில் ஏற்றிவிட்டேன். "மோளுக்கு மேலுக்கு சொகமில்லியாக்கா? மூணு நாளு காணல்லியே," என்று அவர் கேட்டார். "நான்தான் தம்பி, சும்மா ஒரு ஆசைக்குக் கூட்டிட்டுப் போனேன்," என்றேன். அவர் நம்பினார். அது எனக்குக் கொஞ்ச நாள் உறுத்தியது.

அடுத்த வாரம் நடுவரைப் பார்த்து நடந்ததை எழுத்தில் கொடுத்தேன். பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொரு விஷயம் தெரியவந்தது. வழக்கு முடிந்து, விதி சொல்கிற காலமும் கடந்துவிட்டால் இந்த ஆவணங்களை அழித்துவிட வேண்டும். எனக்குக் கொடுக்கப்பட்டதில் பாதிக்குமேல் அப்படி அழிக்கும் பட்டியலில் இருந்தவை. என் மனு நிலுவையில் இருந்ததாலும், பிறகு அனுமதி கிடைத்ததாலும், ஆய்வு முடியும்வரை இருக்கட்டும் என்று அவற்றை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"அப்போ, நான் கேட்காம இருந்திருந்தா அந்தக் கோப்பு இந்நேரம் இருந்திருக்காதா?"

"இருந்திருக்காது," என்றார் நடுவர்.

வெளியே காத்திருந்த ஒரு குடும்பத்தின் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு முடிவெடுக்க ரொம்ப நேரம் ஆகவில்லை.

"மேடம், அந்தப் பழைய கோப்புகளுக்கான கோரிக்கையை நான் திரும்ப எடுத்துக்கறேன். பட்டியல்படி செய்துடுங்க. அதுல எடுத்த குறிப்புகளையும் தந்துடறேன்."

"உங்க ஆய்வு?"

"சின்னதாகும்."

முதல்முறையாக அவர் சிரித்து நான் பார்த்தேன். "சின்னதா இருந்தா என்ன," என்றார்.

அக்காவிடம் குறிப்புகளைக் கொடுக்கும்போதுதான் கஷ்டமாக இருந்தது. சாய்ந்த எழுத்துக்காரரின் அறிக்கைகளில் பெரும்பாலானவை அந்தப் பழைய கட்டில்தான் இருந்தன. கணக்கு நன்றாக வரும் பையனும் அதில்தான் இருந்தான். பத்து நாள் கழித்து அக்கா போனில் கூப்பிட்டார். "மக்கா, எல்லாம் மெசின்ல குடுத்து முடிச்சாச்சு. மூணு சாக்கு தூள். எனக்கே வீடு வெள்ளையடிச்ச மாதிரி இருக்கு கேட்டியா." எனக்கும் அப்படித்தான் இருந்தது. அன்றைக்கு ஒரு முழு வகுப்பையும் பாடம் நடத்தாமல் மாணவர்களோடு பேசியே கழித்தேன்.

என் நெறியாளர் அவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்ளவில்லை. தரவு போதாது, இரண்டு வருஷம் வீண், என்று திருநெல்வேலியில் அவர் அறையில் வைத்துத் திட்டினார். திட்டி முடித்த பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். மிச்சம் இருந்த கோப்புகளோடு, நன்னடத்தை அலுவலர்களைப் பேட்டி காண்பது. எந்த வழக்கைப் பற்றியும் பேசக்கூடாது. ஒரு வீட்டுக்குள் போனதும் எதைப் பார்க்கிறீர்கள், எதை எழுதுகிறீர்கள், எதை எழுதாமல் விடுகிறீர்கள் என்று மட்டும் கேட்க வேண்டும். அந்தச் சாய்ந்த எழுத்துக்காரரையும் சந்தித்தேன். ஓய்வு பெற்று, தக்கலைப் பக்கம் வாழைத் தோட்டத்தோடு இருக்கிறார். "பிள்ளையளப் பத்தி எழுதுகப்போ, பிள்ளை வளந்த பொறவு அத வாசிச்சா நம்மள ஏசக்கூடாது. அது மட்டுந்தான் நான் பாப்பேன்," என்றார். ஒரு தார் பாளையங்கோட்டான் பழம் கொடுத்தனுப்பினார்.

ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் நான் திட்டமிடாதது. பெயரை அடித்துவிட்டால் ஆள் மறைந்துவிட மாட்டார், எங்களுடையதைப் போன்ற சின்ன மாவட்டத்தில் ஒரு பழக்கமோ ஒரு சைகையோ போதும், எதையெல்லாம் மறைத்த பிறகு ஆய்வாளர் கையில் கொடுக்கலாம் என்பதைப் பற்றியது. எந்தச் சைகை என்று அதில் எழுதவில்லை; இங்கே எழுதியிருப்பதும் உண்மையான சைகை அல்ல. வாய்மொழித் தேர்வில் வந்திருந்த பேராசிரியர் அந்த அத்தியாயத்தைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார். பட்டம் கிடைத்தது.

அதற்கடுத்த தை மாதத்தில் வேன் ஓட்டுகிறவருக்குக் கல்யாணம். பிள்ளைகளின் வீடுகளுக்கெல்லாம் அழைப்பிதழ் கொண்டுவந்தார். நாங்கள் மூன்று பேரும் போனோம். ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன கோயில், பக்கத்தில் பந்தல். அவருடைய அம்மா பட்டுச் சேலையில், இலைகளுக்கு நடுவே நடந்து ஒவ்வொருவரிடமும் போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். என் மகளைப் பார்த்ததும் நின்றார்.

"வேன்ல வாற பிள்ளையா? எனக்க மோன் நல்லாட்டு ஓட்டுகானா?"

"சூப்பரா ஓட்டுவாரு பாட்டி," என்றாள் மகள்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பி, நானும் ஏதாவது சொல்வேனா என்பதுபோலப் பார்த்தார்.

"நாலு வருசம் ஆகப்போவுது. ஒரு குறை சொல்ல இல்ல," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு என் இலையில் இன்னும் கொஞ்சம் பாயசம் விடச் சொன்னார். சேமியா பாயசம். என் கணவர் தனக்கும் வேண்டும் என்று இலையைக் காட்டினார்.